ரத்த செல்கள் ஏன் தானாகவே சாகின்றன? மெட்ராஸில் படித்த சுப்பாராவின் வாழ்க்கையில் இருக்கும் பதில்

மூட்டுவாதத்துக்கு மருந்து சாப்பிடுகிற அம்மாவோ அத்தையோ வீட்டில் இருந்தால், அவங்க மாத்திரை டப்பாவை ஒருமுறை திறந்து பாருங்கள். இரண்டு மாத்திரைகள் கண்ணில் பட வாய்ப்பு அதிகம். ஒன்று மெத்தோட்ரெக்ஸேட், வாரத்தில் ஒரே ஒரு நாள். இன்னொன்று ஃபோலிக் ஆசிட். அதை வேறு நாளில் போடச் சொல்லியிருப்பார் டாக்டர்.

ஃபோலிக் ஆசிட், செல்கள் பெருக உதவும் வைட்டமின். மெத்தோட்ரெக்ஸேட், அந்த வைட்டமினின் வேலையைத் தடுக்கும் மருந்து. ஒன்றுக்கொன்று நேர் எதிர். ஆனா இரண்டையும் தயாரித்துக் காட்டியது ஒரே ஆராய்ச்சிக்கூடம். அங்கே ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர், திருவல்லிக்கேணியில் பள்ளிப் படிப்பை முடித்து, மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்த யெல்லாப்பிரகட சுப்பாராவ்.

எலும்பு மஜ்ஜையில் வளர்ந்துகொண்டிருக்கும் ஒரு இளம் ரத்த செல், பிழைத்து ரத்தத்துக்கு வருமா, வழியிலேயே செத்துப்போகுமா? எது இதை முடிவு செய்கிறது? சுப்பாராவ் உயிரோடு இருந்த காலத்தில் இந்த விஷயத்துக்கு இன்றைய பெயர்கூட வந்திருக்கவில்லை. ஆனாலும் விடையின் மூன்று முக்கியமான துண்டுகள் அவர் கை வழியாக வந்தன. அவர் வாழ்க்கையையும் அந்த விடையையும் சேர்த்தே பார்ப்போம்.

செல் தானாகச் சாகிறதுன்னா என்ன?

நம் எலும்புகளுக்குள் இருக்கும் மஜ்ஜை, ஓய்வே இல்லாத ஒரு ஃபேக்டரி. ஆரோக்கியமான ஒருவரின் உடம்பில் ஒவ்வொரு விநாடியும் சுமார் 20 லட்சம் புதிய சிவப்பணுக்கள் ரத்தத்துக்கு வருகின்றன. ஒரு சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். பழசு போகப் போக, புதுசு வந்துகொண்டே இருக்க வேண்டும்.

ஆனா மஜ்ஜையில் வளரத் தொடங்கும் எல்லா இளம் செல்லும் ரத்தத்துக்கு வந்து சேருவதில்லை. ஒரு பகுதி வழியிலேயே இறந்துவிடும். இந்த இறப்பு, அடிபட்டோ கிருமி தாக்கியோ வருவது இல்லை. செல்லுக்குள்ளேயே இதற்கென்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. உத்தரவு வந்ததும் ‘காஸ்பேஸ்’ எனும் புரதங்கள் விழித்துக்கொள்கின்றன. கத்தரிக்கோல் மாதிரி செல்லின் உள் அமைப்பை வெட்டுகின்றன. டிஎன்ஏ துண்டுதுண்டாகிறது. செல் சுருங்கி, சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் பிரிகிறது. பக்கத்தில் இருக்கும் துப்புரவு செல்கள் அவற்றை விழுங்கிவிடுகின்றன. வீக்கம் இல்லை, சீழ் இல்லை, நமக்கு வலியும் தெரியாது.

இதற்குப் பெயர் ‘அபாப்டோசிஸ்’. தமிழில் ‘திட்டமிட்ட செல் இறப்பு’ என்று சொல்லலாம்.

சரி, உருவாக்குவானேன், பிறகு சாகடிப்பானேன்? கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பந்திக்கு எத்தனை பேர் வருவாங்கன்னு சரியாகத் தெரியாது. அதனால கொஞ்சம் கூடுதலாகவே உலை வைப்பார்கள். மஜ்ஜையும் அப்படித்தான். தேவைக்கு மேலேயே இளம் செல்களைத் தயார் செய்து வைக்கும். சிறுநீரகத்திலிருந்து வரும் ‘எரித்ரோபொய்டின்’ என்ற ஹார்மோன் கிடைத்த செல்கள் பிழைக்கும். கிடைக்காதவை தானாகவே இறக்கும். விபத்தில் ரத்தம் போனாலோ, ஆக்சிஜன் குறைந்த மலைப் பகுதிக்குப் போனாலோ சிறுநீரகம் அந்த ஹார்மோனை அதிகமாகச் சுரக்கும். சாக வேண்டிய செல்கள் பிழைத்துக்கொள்ளும். சிவப்பணு எண்ணிக்கை ஏறும். இந்த ஹார்மோன் இளம் செல்களின் தற்கொலையைத் தடுத்தே வேலை செய்கிறது என்று அமெரிக்க ஆய்வாளர்கள் 1990-ல் காட்டினார்கள்.

வெள்ளையணுக்களிலும் இதே கதைதான். தைமஸ் சுரப்பிக்குப் ‘பயிற்சி’க்கு வரும் இளம் டி செல்களில் மிகப் பெரும்பான்மை தேறாமல் அங்கேயே இறந்துவிடுகின்றன. நம்ம உடம்பையே தாக்கக்கூடிய செல்களும் அதில் அடக்கம். அவை சாகாமல் தப்பித்தால் நமக்குத்தான் ஆபத்து.

ஆக, இளம் ரத்த செல்லுக்கு இரண்டு வகையில் சிக்கல் வரலாம். வாழ வேண்டியது செத்துப்போனால் ரத்தசோகை. சாக வேண்டியது சாகாமல் பெருகினால் ரத்தப் புற்றுநோய். சுப்பாராவின் வாழ்க்கை இந்த இரண்டையும் தொட்டது.

பீமாவரத்திலிருந்து திருவல்லிக்கேணிக்கு

சுப்பாராவ் பிறந்தது 1895 ஜனவரி 12-ல், பீமாவரத்தில். இன்று அது ஆந்திரப் பிரதேசம். அன்று மெட்ராஸ் மாகாணம். வசதியில்லாத, பெரிய குடும்பம். அப்பா வருவாய்த் துறையில் வேலை பார்த்து, சீக்கிரமே ஓய்வு பெற்றுவிட்டவர். வீட்டைத் தாங்கிப் பிடித்தது அம்மா வெங்கம்மா.

சின்ன வயதில் பையனுக்குப் படிப்பில் பெரிய ஆர்வம் கிடையாது. 13 வயசு வாக்கில், காசிக்குப் போய் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணம் சம்பாதிக்கலாம் என்று வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டதாகச் சொல்வார்கள். அம்மா விடவில்லை. பிடித்துக் கூட்டிவந்து திரும்பவும் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இரண்டு முறை தோல்வி. மூன்றாவது முறை, மெட்ராஸ் திருவல்லிக்கேணியில் உள்ள இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத் தேறினார்.

பிறகு மாநிலக் கல்லூரி. அந்த நாட்களில் ராமகிருஷ்ணா மடத்தில் சேர்ந்து துறவியாகிவிட வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வந்தது. அம்மா சம்மதிக்கவில்லை. மருத்துவம் படித்தாலும் மக்களுக்குச் சேவை செய்யலாமே என்று மடத்தில் இருந்தவர்கள் யோசனை சொல்ல, மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். படிப்புச் செலவுக்கு நண்பர்களும், பின்னால் மாமனாரும் உதவினார்கள். 1919-ல் சேஷகிரியுடன் கல்யாணம்.

அது காந்தியின் அந்நியத் துணி மறுப்பு வேகம் பிடித்த காலம். சுப்பாராவ் அறுவை சிகிச்சை வகுப்புக்கும் கதர் அங்கியிலேயே போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளை நன்றாகவே எழுதியும், முழு எம்பிபிஎஸ் பட்டத்துக்குப் பதில் அதைவிடக் கீழ்நிலையான எல்எம்எஸ் சான்றிதழ்தான் கிடைத்தது. அரசு மருத்துவப் பணியில் சேரும் முயற்சியும் பலிக்கவில்லை. கடைசியில் மெட்ராஸில் இருந்த ஓர் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் சொல்லிக்கொடுக்கும் வேலையில் சேர்ந்தார்.

வீட்டுக்குள் வந்த நோய்

இதற்கு நடுவில் குடும்பத்தில் பெரிய இடி விழுந்தது. சுப்பாராவின் சகோதரர்கள் இரண்டு பேர், சில நாட்கள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். காரணம் ‘ட்ராபிகல் ஸ்ப்ரூ’ என்ற குடல் நோய். ஓயாத வயிற்றுப்போக்கு, வாய்ப்புண், எலும்பும் தோலுமாக மெலிந்துபோவது, வெளிறிய முகம் என்று ஆளையே உருக்கிவிடும். அதே நோய் சுப்பாராவையும் படுக்கையில் தள்ளியது. ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதியின் சிகிச்சையில் அவர் பிழைத்தார்.

இந்த நோயில் நடப்பது என்னன்னு இன்று நமக்குத் தெரியும். சிறுகுடலின் உட்சுவர் கெட்டுப்போவதால், சாப்பாட்டில் இருக்கும் சத்து உடம்பில் ஒட்டாது. முக்கியமாக ஃபோலிக் ஆசிட்டும் வைட்டமின் பி12-ம் உள்ளே போகாது. அது இல்லாமல் மஜ்ஜையின் இளம் செல்கள் வளர முடியாமல் சாகும். சோகை முற்றும். அந்தக் காலத்தில் ஃபோலிக் ஆசிட் என்ற பெயரே கிடையாது. அந்தப் பொருளைப் பின்னாளில் தயாரித்துக் கொடுக்கப் போகிறவர், அது கிடைக்காமல் தன் சகோதரர்கள் சாவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஹார்வர்டில் ‘ஏடிபி’

அறக்கட்டளை ஒன்றின் உதவியும் மாமனாரின் உதவியும் சேர, சுப்பாராவ் கப்பல் ஏறினார். 1922 அக்டோபர் 26-ல் பாஸ்டன் போய்ச் சேர்ந்தார். அப்போது மனைவி சேஷகிரி கர்ப்பமாக இருந்தார். பிறந்த ஆண் குழந்தை ஒரு வயது நிறைவதற்குள் இறந்துவிட்டது. அப்பா பிள்ளை முகத்தைப் பார்க்கவே இல்லை.

கையில் இருந்தது அமெரிக்காவில் செல்லாத மருத்துவச் சான்றிதழ். வயிற்றுப்பாட்டுக்கு ஒரு மருத்துவமனையில் இரவு நேர உதவியாள் வேலை. நோயாளிகளின் மலச்சட்டி கழுவுவது வரைக்கும் செய்தார். பகலில் ஹார்வர்டில் வெப்பமண்டல நோய்கள் பற்றிய டிப்ளமோ. அதன்பின் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் சைரஸ் ஃபிஸ்க் என்ற உயிர்வேதியியலாளரிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார்.

1925-ல் ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸின் அளவைக் கண்டுபிடிக்க இருவரும் ஒரு முறையை வெளியிட்டார்கள். ‘ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை’ என்று உயிர்வேதியியல் படித்தவர்களுக்கு இன்றும் தெரியும். அந்த முறையைக் கையில் வைத்துக்கொண்டு தசையை ஆராய்ந்தபோது, 1927-ல் பாஸ்போகிரியாட்டின் கிடைத்தது. 1929-ல் ஏடிபி. அதே ஆண்டு ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனியாக ஏடிபியைக் கண்டுபிடித்திருந்தார்.

ஏடிபியை செல்லின் கையிருப்புப் பணம் என்று வைத்துக்கொள்ளலாம். சாப்பாட்டிலிருந்து வரும் ஆற்றலை செல் இந்த வடிவில்தான் செலவு செய்கிறது. தசை சுருங்க, நரம்பு பேச, செல் பிரிய எல்லாவற்றுக்கும் இது வேண்டும்.

நம்ம கேள்விக்கான முதல் துண்டு இங்கே இருக்கிறது. செல் முறைப்படி சாவதற்கும் ஏடிபி வேண்டும். உள்ளே காஸ்பேஸ்களை எழுப்பும் இயந்திரம் ஒன்று சேர்வதற்கு ஆற்றல் தேவை. ஏடிபி கையிருப்பில் இருந்தால் செல் ஒழுங்காகத் தன்னைச் சுருட்டிக்கொண்டு போகும். பாதி வழியில் ஏடிபி தீர்ந்துபோனால், செல் உப்பி வெடித்துச் சாகும்; உள்ளே இருப்பதெல்லாம் வெளியே கொட்டி அக்கம்பக்கத்தைப் புண்ணாக்கும். செல் இறக்கும் விதத்தையே ஏடிபி மாற்றுகிறது என்பது 1990-களின் கடைசியில் நடந்த சோதனைகளில்தான் தெளிவானது. சுப்பாராவ் கண்டுபிடித்து ஏறக்குறைய 70 ஆண்டு கழித்து!

1930-ல் சுப்பாராவுக்கு முனைவர் பட்டம் கிடைத்தது. இவ்வளவு செய்தும் ஹார்வர்டில் நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. ஆனா ஆராய்ச்சியை விடவில்லை. ஈரல் சாறு கொடுத்தால் ஒரு வகைக் கடும் ரத்தசோகை குணமாகிறது என்பது அப்போது தெரிந்திருந்தது. ஈரலில் இருக்கும் எந்தப் பொருள் அதைச் செய்கிறது? இந்தக் கேள்வியோடுதான் அவர் 1930-களைக் கழித்தார்.

கோஷா ஆஸ்பத்திரி வழியாக வந்த தடயம்

இதே நேரத்தில் இந்தியாவில் இன்னொருவர் இதே பொருளைத் தேடிக்கொண்டிருந்தார். பெயர் லூசி வில்ஸ், இங்கிலாந்து மருத்துவர். 1928-ல் பம்பாய்க்கு வந்தவர், அங்கே மில் வேலைக்குப் போகும் ஏழைக் கர்ப்பிணிகளுக்கு வரும் கடும் ரத்தசோகையை ஆராய்ந்தார். குன்னூர் பாஸ்டர் ஆய்வகத்திலும் சில மாதங்கள் வேலை செய்தார். 1931-ல் மெட்ராஸில், திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியில் இருந்தார். இன்றைய கஸ்தூர்பா காந்தி அரசு மருத்துவமனைதான் அது. சுப்பாராவ் படித்த பள்ளிக்கூடம் இருக்கும் அதே திருவல்லிக்கேணி.

ஈஸ்ட்டிலிருந்து செய்யும் ‘மார்மைட்’ என்ற விலை குறைந்த உணவைக் கொடுத்தாலே அந்தப் பெண்களுக்கு ரத்தம் ஊறுகிறது என்று வில்ஸ் 1931-ல் எழுதினார். உள்ளே இருக்கும் பொருள் என்னவென்று தெரியாததால் அதற்கு ‘வில்ஸ் காரணி’ என்றே பெயர் விழுந்தது. 1941-ல் அமெரிக்காவின் டெக்சாஸில் 4 டன் பசலைக் கீரையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். இலை என்பதற்கான லத்தீன் சொல்லிலிருந்து அதற்கு ஃபோலிக் ஆசிட் என்று பெயர் வைத்தார்கள். வில்ஸ் காரணியும் அதுதான் என்று பிறகு தெரிந்தது.

டன் கணக்கில் கீரையைக் காய்ச்சினால் கிடைப்பது துளியூண்டு. அதை வைத்து நோயாளிகளுக்கு மருந்து கொடுக்க முடியாது. இங்கேதான் சுப்பாராவ் வருகிறார். 1940-ல் அவர் ஹார்வர்டை விட்டு, நியூயார்க் மாநிலம் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லே மருந்து நிறுவனத்துக்குப் போனார். ஆராய்ச்சிப் பிரிவின் இயக்குநரானார். ஃபோலிக் ஆசிட்டை ஈரலிலிருந்தும், பாக்டீரியா ஊறலிலிருந்தும் அவருடைய குழு பிரித்தெடுத்தது. 1945-ல் அதை ரசாயன முறையில் தயாரித்தே காட்டியது. அந்த அறிவிப்பு 16 பேர் பெயரில் வெளிவந்தது. சுப்பாராவ் அதில் ஒருவர்.

அடுத்த ஓரிரு ஆண்டுகளில் டாம் ஸ்பைஸ் என்ற அமெரிக்க மருத்துவர், கியூபாவிலும் போர்ட்டோ ரிக்கோவிலும் ட்ராபிகல் ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு இந்த மருந்தைக் கொடுத்தார். படுத்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். சுப்பாராவின் சகோதரர்களைக் கொண்டுபோன நோய்க்கு, அவருடைய ஆய்வகத்திலிருந்தே மருந்து வந்துவிட்டது.

ஃபோலிக் ஆசிட் இல்லாவிட்டால் செல் ஏன் சாகிறது?

இது இரண்டாவது துண்டு. ஒரு செல் இரண்டாகப் பிரிய வேண்டுமென்றால் முதலில் டிஎன்ஏவை நகல் எடுக்க வேண்டும். டிஎன்ஏ நான்கு எழுத்துகளால் எழுதப்பட்டது. அதில் ஒன்றான ‘தைமின்’ தயாராக ஃபோலிக் ஆசிட் வேண்டும். அது இல்லாதபோது, தைமின் உட்கார வேண்டிய இடத்தில் ‘யுராசில்’ என்ற வேறு எழுத்து நுழைந்துவிடுகிறது. பிழை திருத்தும் புரதங்கள் வந்து அதை வெட்டி எடுக்கும். ஆனா நிரப்புவதற்குத் தைமின் இல்லை. திரும்பவும் யுராசிலே வரும். திரும்பவும் வெட்டு. இப்படி வெட்டி வெட்டி டிஎன்ஏ இழையே அறுந்துபோகிறது.

செல்லால் பிரிய முடியாது. ஆனா உடம்பு மட்டும் பெருத்துக்கொண்டே போகும். இப்படிப் பூதாகரமான இளம் செல்களைத்தான் ‘மெகலோபிளாஸ்ட்’ என்கிறார்கள். கடைசியில் செல்லுக்குள் இருக்கும் காவல் ஏற்பாடு, இது தேறாதுன்னு முடிவு செய்து அபாப்டோசிஸைத் தொடங்கிவிடுகிறது.

மருத்துவர்களை ரொம்ப நாள் குழப்பிய விஷயம் ஒன்று உண்டு. இந்தச் சோகை வந்தவர்களின் மஜ்ஜையைக் குத்தி எடுத்துப் பார்த்தால் அது காலியாக இருக்காது. இளம் செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். ரத்தத்தில்தான் சிவப்பணு இல்லை. ஃபேக்டரி இரவும் பகலும் ஓடுகிறது. சரக்கு கேட்டைத் தாண்டுவதற்கு முன்னாடியே கழிக்கப்பட்டுவிடுகிறது. 1994-ல் ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஃபோலிக் ஆசிட் இல்லாமல் வளர்த்த எலிகளின் இளம் சிவப்பணுக்கள் அபாப்டோசிஸ் மூலம் இறந்தன. தைமினைக் கொண்ட தைமிடினை நேரடியாகக் கொடுத்ததும் சாவு நின்றது. அரை நூற்றாண்டுப் புதிர் அப்போது அவிழ்ந்தது.

வாழ வைக்கும் பொருளே, சாகடிக்கும் வழியானது எப்படி?

மூன்றாவது துண்டு பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் கிடைத்தது. அங்கே சிட்னி ஃபார்பர் என்ற நோயியல் மருத்துவர், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அந்த நோய்க்கு மருந்தே கிடையாது. கண்டுபிடித்த சில வாரங்களில், சில மாதங்களில் குழந்தை போய்விடும்.

இந்தப் புற்றுநோயில் மஜ்ஜையின் இளம் வெள்ளையணுக்கள் முதிர்ச்சி அடைவதில்லை. நேரம் வந்தும் சாவதில்லை. பெருகிக்கொண்டே போய், நல்ல செல்களுக்கு இடமில்லாமல் செய்துவிடும்.

லெடர்லேயிலிருந்து வந்த ஃபோலிக் ஆசிட் சேர்மங்களை ஃபார்பர் முதலில் கொடுத்துப் பார்த்தார். நோய் குறைவதற்குப் பதில் வேகம் எடுத்தது போல அவருக்குத் தோன்றியது. அப்படியானால் ஃபோலிக் ஆசிட்டைத் தடுத்தால் என்ன? சுப்பாராவின் குழுவிடம் அதற்கான பொருட்கள் தயாராகிக்கொண்டிருந்தன. ஃபோலிக் ஆசிட் மாதிரியே இருக்கும். செல்லின் என்சைம் அதை நம்பிப் பிடித்துக்கொள்ளும். ஆனா வேலை நடக்காது. பூட்டுக்குள் போய் மாட்டிக்கொண்ட போலிச் சாவி மாதிரி. அதில் ஒன்று அமினோப்டெரின். லெடர்லே வேதியியலாளர் டோரிஸ் சீகரும் உடன் இருந்தவர்களும் உருவாக்கியது.

1947-ன் கடைசியில் ஃபார்பர் அதைக் குழந்தைகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார். 1948 ஜூன் 3-ல் வெளியான கட்டுரையில் 16 குழந்தைகளைப் பற்றி எழுதினார். 10 பேருக்கு நோய் தணிந்திருந்தது. சில மாதங்களில் நோய் திரும்பி வந்தது உண்மைதான். ஆனா ரத்தப் புற்றுநோயை ஒரு மருந்தால் பின்வாங்க வைக்க முடியும் என்பதை மருத்துவ உலகம் அப்போதுதான் கண்ணால் பார்த்தது. அமினோப்டெரினின் தம்பியாக அதே ஆய்வகத்தில் பிறந்ததுதான் மெத்தோட்ரெக்ஸேட். அதைவிடப் பக்கவிளைவு குறைவு என்பதால் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இப்போது கணக்கைச் சேர்த்துப் பாருங்கள். மெத்தோட்ரெக்ஸேட் என்சைமை அடைத்தால் தைமின் நிற்கிறது. தைமின் நின்றால் டிஎன்ஏ அறுகிறது. சாக மறுத்த புற்றுநோய் செல்லுக்குள் உறங்கிக்கிடந்த அபாப்டோசிஸ் எழுகிறது. ட்ராபிகல் ஸ்ப்ரூவில் நல்ல செல்லைக் கொன்ற அதே வழிதான், இங்கே கெட்ட செல்லைக் கொல்லப் பயன்படுகிறது. அதனாலதான் இந்த மருந்து எடுப்பவர்களுக்கு அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். நல்ல இளம் செல்களும் கூடவே அடிபடலாம் இல்லையா?

இன்று வசதியான நாடுகளில், குழந்தைகளுக்கு அதிகம் வரும் வகை ரத்தப் புற்றுநோயில் 10 பேரில் சுமார் 9 பேர் பிழைக்கிறார்கள். பல மருந்துகள் சேர்ந்த சிகிச்சை அது. மெத்தோட்ரெக்ஸேட் அதில் இன்றும் இருக்கிறது.

பெயர் வந்தபோது அவர் இல்லை

லெடர்லேயில் சுப்பாராவ் தலைமையில் வேறு வேலைகளும் நடந்தன. யானைக்கால் நோய்க்கு அரசு சார்பில் வீடு வீடாகக் கொடுக்கும் டிஇசி மாத்திரை, 1947-ல் அங்கிருந்து வந்தது. டெட்ராசைக்ளின் வகையில் முதல் ஆன்டிபயாட்டிக்கான ஆரியோமைசினை, பெஞ்சமின் டக்கர் அங்கேதான் கண்டுபிடித்தார். அது 1948-ல் வெளிவந்தது. மேடையேறிப் பெயர் வாங்கும் பழக்கம் சுப்பாராவுக்கு இல்லை. பெருமை குழுவில் இருந்தவர்களுக்குப் போனது.

1948 ஆகஸ்டில், பேர்ல் ரிவரில் தூக்கத்திலேயே மாரடைப்பில் அவர் இறந்தார். வயது 53. ஃபார்பரின் கட்டுரை வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. மெட்ராஸை விட்டுப் போன 26 ஆண்டுகளில் ஒருமுறைகூட அவர் திரும்பி வரவில்லை. சேஷகிரி அவரைத் திரும்பப் பார்க்கவே இல்லை. இந்த வாழ்க்கையைப் பாராட்டும்போது, காத்திருந்தே கழிந்த அந்த இன்னொரு வாழ்க்கையையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

செல்கள் தாமாகவே ஒழுங்காக இறப்பதை ஜான் கெர், ஆண்ட்ரூ வில்லி, அலஸ்டர் கரி ஆகிய மூவரும் விவரித்து, ‘அபாப்டோசிஸ்’ என்று பெயர் வைத்தது 1972-ல். இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. 1988-ல், பிசிஎல்-2 என்ற மரபணு ரத்த செல்களைச் சாகவிடாமல் காப்பதாகத் தெரியவந்தது. அந்தப் புரதத்தையே அடக்கும் வெனிடோக்ளாக்ஸ் என்ற மருந்து 2016-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. செல் இறப்பை நேரடியாகக் குறிவைத்து மருந்து செய்ய இத்தனை ஆண்டு ஆயிற்று. சுப்பாராவின் குழு பெயர் தெரியாமலே அதே கதவைத் தட்டியிருந்தது.

நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. ஒரு பூஞ்சை இனத்துக்கு ‘சுப்பாரோமைசிஸ்’ என்று பெயர் இருக்கிறது. நூற்றாண்டையொட்டி 1995-ல் இந்திய அஞ்சல் துறை ஒரு தபால்தலை வெளியிட்டது.

நாம் தெரிஞ்சுக்க வேண்டியது

* அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையில் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட்டும் இருக்கிறது. தாயின் மஜ்ஜைக்கும், குழந்தையின் முதுகுத்தண்டு சரியாக மூடுவதற்கும் ஃபோலிக் ஆசிட் தேவை. முதுகுத்தண்டு உருவாவது கர்ப்பம் தெரியவரும் முன்பே தொடங்கிவிடுவதால், குழந்தைக்குத் திட்டமிடும்போதே டாக்டரிடம் கேட்டுத் தொடங்குவது நல்லது.

* கீரை, பயறு, கடலை, ஈரல் எல்லாவற்றிலும் இந்தச் சத்து உண்டு. ரொம்ப நேரம் வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டால் பெரும்பகுதி போய்விடும்.

* ரத்தசோகைன்னு நீங்களாக ஃபோலிக் ஆசிட் வாங்கிப் போடாதீர்கள். பி12 குறைபாட்டிலும் இதே மாதிரி சோகை வரும். அங்கே ஃபோலிக் ஆசிட் மட்டும் எடுத்தால் ரத்தம் தேறியது போலத் தெரியும். நரம்பு பாதிப்பு உள்ளுக்குள் தொடரும். அசைவமும் பாலும் தொடாதவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

* மூட்டுவாதத்துக்கான மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒரு நாள் மட்டுமே. தவறுதலாகத் தினமும் போட்டால் மஜ்ஜையின் இளம் செல்கள் கூட்டமாக இறந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். வீட்டுப் பெரியவர்கள் இந்த மாத்திரை எடுத்தால், எந்தக் கிழமை என்பதை அட்டையின் மேல் பெரிதாக எழுதி வையுங்கள்.